திண்டிவனத்திலிருந்து ஒரு லைட்னிங் கால்

எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதுவரை அது பாட்டுக்குப் பின்னால் இருந்தது, நான் பாட்டுக்கு முன்னால் இருந்தேன்.

திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் நான் ட்ரங்க் ஆபரேட்டர். எண்பதுகளின் தொடக்கம். வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாங்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போர்டில் இந்த ஓட்டையில் ஒரு ஒயரையும் அந்த ஓட்டையில் ஒரு ஒயரையும் செருகி, இரண்டு ஊர்களைச் சேர்த்துவைப்போம். ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. யார் பெண்ணை எங்கே கொடுக்கிறார்கள், யார் மாமியார் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் எங்கள் காதுக்குத் தெரியும். காலுக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டர் என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“முதுகுல ஒண்ணும் இல்லம்மா. மத்த எடத்துலதான் ஜாஸ்தியா இருக்கு. காலையில நடங்க.”

என் கணவர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். தினமும் பாசஞ்சரில் போய் வருவார். அவருடைய உடம்பும் நன்றாகக் கட்டி முத்திரை வைத்த பார்சல் மாதிரி, எந்தப் பக்கம் நிறுத்தினாலும் ஒரே அளவில் இருக்கும். மறுநாள் விடியற்காலையில் துணைக்கு வரச் சொல்லி எழுப்பினேன். குறட்டை கொஞ்ச நேரம் நின்றது. ஆலோசிக்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் தொடங்கியது.

துணைக்கு வந்தவள் போர்டில் என் பக்கத்து நாற்காலிக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்த கிறிஸ்தவப் பெண். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் கிராமத்திலிருந்து தினமும் நடந்தே பள்ளிக்கூடம் வந்து, நடந்தே திரும்பிப் போய்ப் படித்து, இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

“நடக்கறதுக்கு டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்தாராக்கா? எங்க ஊர்ல சொன்னா வுழுந்து வுழுந்து சிரிப்பாங்க” என்றாள். ஆனாலும் மறுநாள் ஏரிக்கரையில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

ஒரு வாரம் மரியாதையாக நடந்தோம். அடுத்த வாரம் ஒரு நாய் துரத்தியது. கரையில் அதற்குக் குட்டிகள் இருந்திருக்க வேண்டும். அவள் “ஓடுங்கக்கா!” என்று கத்தினாள். நான் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ஓடினேன். கரை முடிகிற இடம் வரை ஓடினேன். நாய் எப்போதோ திரும்பிப் போயிருந்தது. அது தெரிந்த பிறகும் நான் நிற்கவில்லை. கடைசியாக நான் ஓடியது பெரியமனுஷி ஆவதற்கு முன்னால். அதற்குப் பிறகு ஒரு பெண் ஓடினாள் என்றால் ஒன்று பஸ்ஸுக்காக, இல்லை பால் பொங்குவதற்காக. மூச்சு வாங்க நின்றபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நாளைக்கும் அந்த நாய் வருமாக்கா?”

“வராட்டி நாமளே போய்க் கூப்பிடுவோம்.”

அப்படித்தான் ஓட ஆரம்பித்தோம். புடவை சரிப்படவில்லை. தையல்காரரிடம் போய் இரண்டு முழுக்கால் பைஜாமா தைத்துத் தரச் சொன்னேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, “சார் வரலீங்களா?” என்றார். எனக்குத்தான் என்றதும் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். கடைசியில் என்னையே அளந்துகொள்ளச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மேலே கணவரின் பழைய சட்டை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. அவளுக்கு அண்ணனின் சட்டை. கண்ணாடியில் பார்த்தபோது நாங்கள் இருவரும் ஏதோ சர்க்கஸிலிருந்து தப்பித்து வந்தவர்கள் போலிருந்தோம்.

ஊர் எங்களைச் சும்மா விடவில்லை. பெண் ஓடினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். “யார் வூட்லம்மா? எப்ப ஆச்சு?” என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, “ஆஸ்பத்திரிக்குத்தான? ஏறு தாயி, நான் கொண்டாந்து வுடறேன்” என்று கேரியரைத் தட்டினார். மரக்காணம் பஸ்ஸின் கண்டக்டர் எங்களுக்காக மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தினார். நாலாவது தடவை எங்களைப் பார்த்ததும் டிரைவரிடம், “நீ போப்பா, இதுங்க ரெண்டும் அதுங்க” என்று சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. லீவு நாட்களில் பிரம்மதேசம் வரை ஓடுவோம். அங்கே சோழர் காலத்துக் கோயில் நிழலில் காலை நீட்டிப் படுத்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவோம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

முதுகுவலி எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் அதை மறந்துபோயிருந்தேன்.

விழுப்புரம் வரை ஓடியதற்குக் காரணம் ஒரு சண்டை.

விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் ஒரு அம்மாள் இருந்தார். முகம் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். வெண்கலக் குரல். நாங்கள் லைன் கேட்டால், “எங்கேஜ்டு” என்று சொல்லி ஒயரைப் பிடுங்குவார். அவசரம் என்றால், “எல்லாருக்கும்தான் அவசரம்” என்பார். எத்தனையோ வருடமாக அவரோடு சண்டை போட்டுத்தான் எங்கள் நாள் விடியும். ஒருநாள் ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) லைட்னிங் கால் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மின்னல் வேகத்தில் கிடைக்கும் என்பதால் அதற்கு அந்தப் பெயர். எங்கள் மின்னல் அரை மணி நேரமாக மின்னவில்லை. நான் விழுப்புரத்து அம்மாளை நாலாவது தடவையாகக் கூப்பிட்டேன்.

“லைன் இல்லன்னு சொன்னேன்ல? அவ்ளோ அவசரம்னா நீயே ஓடி வந்து நேர்ல சொல்லிட்டுப் போம்மா!”

டக். ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தேன். பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்த்தாள். அவளும் அந்த லைனில்தான் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போலாமா?” என்றாள்.

“எங்க?”

“நம்ம கொரலு டெய்லி எத்தினி வாட்டி விழுப்புரம் போய்ட்டு வருது. ஒரு வாட்டி காலு போனா இன்னா? நேர்ல போய் நின்னு, ‘மேடம், திண்டிவனம் லைட்னிங் கால் வந்திருக்கு’ன்னு சொல்லுவோம். அந்தம்மா மொகத்தைப் பாக்கணும்கா.”

நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரம் நாங்கள் ஒரே மூச்சில் ஓடியதில்லை. அந்த அம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி உண்டு என்பது தெரியும். எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல ஓய்வு கிடைக்கிற ஒரு ஞாயிறுக்காகக் காத்திருந்தோம். கணவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவருக்கும் டியூட்டி.

“விழுப்புரத்துக்கா? ஓடியா?” சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “கூட்டேரிப்பட்டுல பஸ் நிக்கும். அங்க ஏறிடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மாசி மாதம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினோம். ட்ரங்க் ரோட்டில் பனி இருந்தது. லாரிகள் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தன. நாங்கள் கையை ஆட்டினோம். பேச்சு, சிரிப்பு, நடுவில் கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம் என்று கூட்டேரிப்பட்டு வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. முகத்தில் ஒரு திமிர்கூட வந்திருந்தது.

கூட்டு ரோட்டில் டீக்கடைக்கு முன்னால் கூட்டம். சைக்கிளில் வந்த நாலைந்து இளவட்டங்கள் ஏற்கனவே எங்களுக்குப் பின்னால் விசிலடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கடையிலிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர் ரோட்டுக்கு வந்து கையை நீட்டி எங்களை நிறுத்தினார்.

“எங்கம்மா ஓடிக்கினு இருக்கீங்க?”

“விழுப்புரத்துக்குங்க.”

“தோ, பஸ்ஸு நிக்குதே.”

“பஸ் வேணாங்க.”

“யாராச்சும் பூட்டாங்களா?”

“இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்ப எதுக்கு ஓடறீங்க?”

“சும்மாதாங்க” என்றேன்.

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. கொலை செய்துவிட்டு ஓடுகிறோம் என்றாலும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பெண்கள், ஆம்பிளைச் சட்டை, பைஜாமா, நடு ரோடு, சும்மா. கூட்டம் நெருங்கி வந்தது. ஒருத்தன், “போலீஸைக் கூப்புடுங்கப்பா” என்றான். இன்னொருத்தன் என் ஷூவைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பாக இல்லை.

அப்போது என் தோழி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

“மயிலம் முருகனுக்கு வேண்டுதலுங்க. அக்காவுக்குக் கல்யாணமாயி எட்டு வருசமாக் கொழந்த இல்ல. திண்டிவனத்துலேர்ந்து மலை வரிக்கும் ஓடியே வர்றோம்னு வேண்டிக்கினு இருக்கோம்.”

சட்டைக்குள் சிலுவைச் சங்கிலி தொங்க, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மாதாகோயிலில் இருக்க வேண்டிய நேரத்தில், குரல் தழுதழுக்கச் சொன்னாள். விசில் நின்றது. மீசைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவித்த மல்லாட்டை விற்கிற ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். “குடுப்பாம்மா, முருகன் குடுப்பான்” என்று சொல்லி, என் சட்டைப் பையிலும் தோழியின் சட்டைப் பையிலும் மல்லாட்டையை அள்ளி அள்ளிப் போட்டாள். டீ வந்தது. விசிலடித்த பையன்களே கூட்டத்தை விலக்கி வழிவிட்டார்கள்.

வழிவிட்டது இடது பக்கம். மயிலம் போகிற ரோடு அது. நாங்கள் போக வேண்டியது நேராக.

ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்ய முடியும்? இடது பக்கம் திரும்பி ஓடினோம். பின்னால் “அரோகரா” என்று ஒரு குரல் கேட்டது. கண்ணுக்கு மறைகிற தூரம் வரை வேகம் குறையாமல் ஓடினோம். எனக்கு அவள் மேல் கோபம். குழந்தை இல்லாததை நானே யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவளும் அதை நடு ரோட்டில் எடுத்துப் போட்டுவிட்டாளே.

“கோவமாக்கா?”

நான் அவளைவிட இரண்டு அடி முன்னால் ஓடினேன்.

“எனக்கு வேற ஒண்ணும் தோணலக்கா. செத்துட்டாங்கன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க.”

கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டேன். உப்பு சரியாக இருந்தது. எட்டு வருடமாக அந்த விஷயத்தால் எனக்குக் கிடைத்ததெல்லாம் புத்திமதியும் லேகியமும்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தின்கிற மாதிரி ஏதோ கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னதும் அவள் ரோட்டோரம் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திரும்பவும் கூட்டு ரோட்டு வழியாகப் போக முடியாது. ஆகவே வயலில் இறங்கி, வரப்பு வரப்பாகக் குறுக்கே நடந்து, ட்ரங்க் ரோட்டைப் பிடிக்கலாம் என்று முடிவு செய்தோம். பாதி வழியில் மல்லாட்டைக் கொல்லை ஒன்று வந்தது. அதன் நடுவிலிருந்து கையில் தடியோடு ஒருத்தர் எழுந்தார்.

“ஏய்! யாரு அது? மடியில இன்னா?”

மடி இல்லை, சட்டைப் பைதான். ஆனால் அது புடைத்துக்கொண்டிருந்தது. பையில் மல்லாட்டை, நிற்பது மல்லாட்டைக் கொல்லையில். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எங்களுக்குத் தண்டனை நிச்சயம். அவர் ஓடி வந்தார். எங்களுக்கும் ஓடத் தெரியும். ஆனால் வரப்பில் கான்வாஸ் ஷூ வழுக்கி நான் முழங்கால் தேய விழுந்தேன். அவர் தடியை ஓங்கிக்கொண்டு தலைமேல் வந்து நின்றார்.

என் தோழி பையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“மோந்து பாருங்க பெரியப்பா. இது அவிச்சது. ஒங்க கொல்லையில அவிச்ச மல்லாட்டையா காய்க்குது?”

அவர் ஒன்றை எடுத்து உடைத்தார். தின்றார். இன்னொன்றை எடுத்தார். எங்கள் விசாரணை அவர் ஒரு பிடியைத் தின்று முடிக்கும்வரை நடந்தது. பிறகு, “உப்பு கொஞ்சம் கம்மி” என்று சொல்லிவிட்டு, ட்ரங்க் ரோட்டுக்குப் போகிற வரப்பைக் காட்டினார்.

விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே என் கால் பேச ஆரம்பித்துவிட்டது. கட்டை விரல் ஷூவுக்குள் தனியாகத் துடித்தது. வெயில் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டியது. ரோட்டோரம் ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார். சொம்பு நிறையத் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டுவந்தார். வேர்வையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“நீ எந்த ஊரும்மா?”

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் என் அப்பாவின் ஊரைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருந்தது. கரும்பு, கிணறு, யார் மகன் யாருக்கு மருமகன் என்று இரண்டு நிமிடத்தில் எங்களை உறவாக்கிவிட்டார். டம்ளரை நிரப்பி என் கையில் கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீ?”

அவள் ஊரைச் சொன்னாள்.

“அங்க ஊர்த் தெருவா, காலனியா?”

“காலனி.”

அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. சொம்பை மட்டும் உயரத் தூக்கினார். “கையை ஏந்து கண்ணு, ஊத்தறேன்” என்றார்.

நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தேன். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் தேடவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். உதட்டில் வைத்து, அண்ணாக்காமல், அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைத் துடைத்து அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

“நல்லாருக்குக்கா தண்ணி. கெணத்துத் தண்ணியா?”

சொல்லிவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். டம்ளர் வாசலில் விழுந்து உருண்ட சத்தமும், அதற்கு மேல் அந்த அம்மாளின் சத்தமும் கேட்டன. கட்டை விரல் வலித்ததா என்று எனக்கு நினைவில்லை. அன்று முழுக்க நாங்கள் ஓடியதிலேயே அதிக வேகமாக ஓடிய தூரம் அதுதான்.

மூச்சு முட்டி நின்றபோது, “என் தண்ணியையும் சேத்துக் குடிச்சிட்டியேடி” என்றேன்.

“ஐயோ, ஆமாக்கா!”

ஒரு பம்புசெட்டைத் தேடிப் பிடித்து, தொட்டியில் தலையை விட்டுக் குடித்தோம். அவள் சட்டையோடு தண்ணீர்க் குழாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“சின்ன வயசுல நெறைய வாட்டி ஏந்திக் குடிச்சிருக்கேன்கா” என்றாள். “அப்ப எனக்கு இவ்ளோ வேகமா ஓடத் தெரியாது.”

அதற்குப் பிறகு முண்டியம்பாக்கம் வரை கரும்பு டிராக்டர்களோடுதான் பயணம். அங்கே சர்க்கரை ஆலைக்கு முன்னால் டிராக்டர்கள் நத்தை மாதிரி நகரும். பின்னால் தொங்குகிற கரும்பை உருவுவது அந்த ரோட்டில் எல்லோரும் செய்கிற காரியம். நாங்கள் மட்டும் ஒழுக்கமாக இருந்து என்ன ஆகப்போகிறது? ஆளுக்கு ஒன்றை உருவினோம். ஒரு டிரைவர் திரும்பிப் பார்த்து, “மேல ஏறிக் குந்திக்கினு தின்னும்மா, எதுக்கு ஓடிக்கினே தின்ற?” என்றார். ஆலையின் புளித்த வெல்ல வாசனைக்கு நடுவே, கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு, நொண்டி நொண்டி விழுப்புரத்துக்குள் நுழைந்தோம். நான் இடது காலில் நொண்டினேன், அவள் வலது காலில். சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு மனுஷி நன்றாக நடந்து வருகிற மாதிரி இருந்திருக்கும்.

தொலைபேசி நிலையத்து வாசலில் வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “பில்லு கட்டறதுன்னா நாளைக்கு வாங்க.”

“ஆபரேட்டர் அம்மாவைப் பாக்கணுங்க. திண்டிவனத்துலேர்ந்து வர்றோம்.”

உள்ளே போனார். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டிய வசனத்தை இருவரும் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தோம். கதவு திறந்தது. ஒல்லியாக ஒரு இளைஞர் வெளியே வந்தார்.

“அவங்க இன்னிக்கு லீவுங்க. டியூட்டியை எனக்கு மாத்திவுட்டுட்டாங்க. திண்டிவனத்துல ஒரு கல்யாணம், காலையிலயே பஸ்ஸுல பூட்டாங்க.”

என் தோழி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். நான் அவள் மேலேயே உட்கார்ந்தேன். அந்த இளைஞர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளர் இரண்டு கொண்டுவந்தார்.

எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, திண்டிவனத்துக்கு லைன் போட்டுக் கொடுத்தார். அன்று டியூட்டியில் இருந்தவர் எங்கள் சூப்பர்வைசர். பஞ்சாங்கம் பார்த்து எச்சில் முழுங்குகிறவர்.

“சார், நான்தான் பேசறேன். விழுப்புரத்துலேர்ந்து.”

“விழுப்புரமா? அங்க எப்படிம்மா போன?”

“ஓடி வந்துட்டேன் சார்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், “யார்கூடம்மா?” என்றார்.

நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் பெயரைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் ஓடிப்போன செய்தி திண்டிவனம் முழுக்கப் பரவியது. சூப்பர்வைசர் ரயில்வே ஸ்டேஷனுக்குச் சொல்ல, திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ரயில்வே போனில் விழுப்புரம் பார்சல் ஆபீஸுக்குத் தகவல் போயிருக்கிறது. அதைக் கேட்ட குமாஸ்தா, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் கணவருக்கு முதலில் நாற்காலி போட்டு, டீ வரவழைத்திருக்கிறார். பிறகு தோளில் கையை வைத்து, “மனசைத் திடப்படுத்திக்கங்க சார். வூட்ல அம்மா ஓடிட்டாங்களாம்” என்றிருக்கிறார்.

என் கணவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம்.

“ஆமாப்பா, தெரியும். காலையிலயே ஓடினா. இந்நேரம் முண்டியம்பாக்கம் தாண்டியிருப்பா.”

இதை அந்தக் குமாஸ்தாவே பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் அவருக்கு நடுக்கம் போகவில்லை. என் கணவரைப் பற்றி நான் பெருமைப்பட்ட சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. அது ஒன்று. சாயங்காலம் பாசஞ்சரில் மூவரும் திரும்பினோம். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கறுத்துப்போன கட்டை விரல் நகத்தைப் பேரணி ஸ்டேஷன் வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். “இதை பார்சல்ல அனுப்பியிருக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை காலை விழுப்புரம் லைன் தானாகவே வந்தது. வெண்கலக் குரல்.

“இந்தாம்மா, நேத்து ஒரு கூத்தைக் கேளு. கல்யாணத்துக்கு பஸ்ஸுல வர்றப்ப, விக்கிரவாண்டிக்கு அந்தாண்ட ரெண்டு பைத்தியங்க ரோட்டுல ஓடிக்கினு இருந்துதுங்க. பின்னால ஒரு பொம்பள டம்ளரை எடுத்துக்கினு தொரத்துது. பஸ்ஸே எழுந்து நின்னு பாத்துது.”

“அது நாங்கதாங்க மேடம்” என்றேன். “ஒங்களைப் பாக்கத்தான் வந்துக்கினு இருந்தோம்.”

ஒயரைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். “கால் வலிக்குதா?” என்று கேட்டார்.

அடுத்த மாதம் நடுவழியில் இருக்கிற பேரணி கிராமத்தில் சந்தித்தோம். நாங்கள் வடக்கிலிருந்து ஓடினோம், அவர் தெற்கிலிருந்து வந்தார். குரலை வைத்து ஒரு மலையை எதிர்பார்த்திருந்தேன். நரைத்த தலையோடு, என் தோள் உயரத்துக்கு ஒரு சின்ன உருவம், கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, மூன்றடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ரயில்வே கேட்டுப் பக்கம் குடுகுடுவென்று வந்தது. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. ஆனால் நிற்கவில்லை. கணவர் போன பிறகு வீடு, ஆபீஸ், வீடு என்றே இருந்துவிட்டேன் என்றார். கேரியரைத் திறந்தார். கேப்பை அடை. மூன்று பேரும் ஒரே மூடியில் சட்னியைத் தொட்டுக்கொண்டு தின்றோம். லைன் தருவதில் அதற்குப் பிறகும் எங்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. “சிநேகிதம் வேற, ட்யூட்டி வேற” என்று சொல்லிவிட்டுத்தான் ஒயரைப் பிடுங்குவார்.

இப்படி மூவரானோம். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. முருகனைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள்தான் பாதி வழியில் வயலில் இறங்கிவிட்டோமே. எங்கே ஓடலாம் என்று பஸ் ரூட்டைப் பார்த்து முடிவு செய்வது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஓட்டத்தால் உலகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாரத்தில் ஆறு நாளும் மற்றவர்களின் பேச்சைச் சுமந்த நாங்கள், ஏழாவது நாள் எங்களை மட்டும் சுமந்தோம். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

ஒரு மார்கழியில் மேல்சித்தாமூர் வரை ஓடினோம். விழுப்புரத்து அம்மாளுடன் வேலை பார்த்த ஒரு சமணக் குடும்பத்துப் பெண்ணின் பிறந்த வீடு அங்கே இருந்தது. வரச் சொல்லி வற்புறுத்தியிருந்தார்கள். என் கணவர் அந்தத் தடவை தானும் வருவதாக அறிவித்தார். ஓட்டம் இல்லை, சைக்கிள். தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி எல்லாவற்றையும் அவர் கேரியரில் கட்டிக்கொண்டு, “நீங்க போங்க, நான் பின்னாலயே வந்து புடிச்சிடறேன்” என்றார். மதியம் கிளம்பினோம். வழியில் இரண்டு டீக்கடைகளில் அவர் சைக்கிள் நின்றதைப் பார்த்தோம். பிறகு பார்க்கவில்லை.

நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிக் கோயில் கோபுரத்தில் நின்றது. கால் கழுவுவதற்குள் இலை போட்டுவிட்டார்கள். “ஜல்தி உக்காருங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடணும். எங்க வூட்ல அதுக்கப்புறம் அடுப்பும் பத்தவைக்க மாட்டோம், இலையும் போட மாட்டோம்” என்றார் அந்த வீட்டு அம்மாள். மூவரும் இலையில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். ஓடிவிட்டு வந்த வயிற்றுக்கு இதைவிடத் தோதான மதம் இருக்க முடியாது என்று என் தோழி காதில் கிசுகிசுத்தாள். சேசுவிடம் சொல்லிவிடாதே என்றேன். விழுப்புரத்து அம்மாள் இரண்டாவது தடவை பாயசத்துக்கு இலையை நீட்டினார்.

இலை எடுத்து, கை கழுவி, விளக்கும் ஏற்றியாயிற்று. தெருமுனையில் ஒரு சைக்கிள் தள்ளப்பட்டு வருகிற சத்தம் கேட்டது. பின் டயர் பஞ்சர். முன்னால் டைனமோ விளக்கு இல்லை. வேர்த்து வழிய, என் கணவர் எங்கள் மாற்றுத் துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்று, உள்ளேயிருந்து வந்த சாம்பார் வாசனையை நன்றாக இழுத்தார்.

“என்னாங்க, எல்லாரும் சாப்டாச்சா?” என்றார்.

வீட்டுக்கார அம்மாள் மிகவும் வருத்தப்பட்டு, மூன்று வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.